பூசணம் பூத்த கடலையும் அத்தாவின் கிடாயும்

ஆட்டின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு நான் குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால் அத்தா டார்ச் லைட்டை அடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பக்கத்தில் அவருடைய அக்கா ஜுலைகா மாமி, கையில் தஸ்பீஹ் மணியை உருட்டியபடி. பிளாஸ்டிக் நாற்காலியில் எங்கள் தெருப் பள்ளிவாசலில் தொழவைக்கிற ஹஜ்ரத். மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். ஆடு மட்டும் சுவரைப் பார்த்தது.

"கண்ணு மஞ்சளா இருக்கா, வெள்ளையா இருக்கா? சொல்லு நூரு" என்றார் அத்தா.

நான் இமையை இன்னும் கொஞ்சம் இழுத்தேன்.

"டார்ச் லைட்டே மஞ்சக் கலருதானம்மா. அதையும் கழிச்சுப் பாரு" என்றார். உடனே அவரே டார்ச்சை அணைத்துவிட்டு செல்போன் வெளிச்சத்தை அடித்தார். ஆடு தும்மியது. என் கண்ணாடி நனைந்தது.

பக்ரீத் நெருங்கிவிட்டது. குர்பானிக்குக் கொடுக்கிற ஆட்டுக்கு ஊனமோ நோயோ இருக்கக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதிலும் இந்த ஆடு சும்மா ஆடு இல்லை. முந்தின வருடம் அம்மா மௌத்தாகிப் போனதும், அடுத்த பக்ரீத்துக்கு அம்மா பேரில் ஒரு குர்பானி என்று அத்தா மனதுக்குள் நேர்ந்து நிய்யத் வைத்திருந்தார். சந்தையில் காலையில் நுழைந்தவர், ஒவ்வொரு ஆட்டின் பல்லையும் பார்த்து, ஒவ்வொரு வியாபாரியிடமும் சண்டை போட்டு, மதியம் இதைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். கருப்பு உடம்பு, ஒரு காது மட்டும் வெள்ளை. அம்மா போனதற்கு அத்தா எங்கள் முன்னால் அழுததில்லை. ஆடு வாங்கியதும் அதைச் சீப்பால் வாரிவிட ஆரம்பித்தார்.

அந்த ஆடுதான் நடுவில் தின்னாமல், குடிக்காமல், வாய் ஓரம் எச்சில் ஒழுகக் கிடந்து, இப்போதுதான் கொஞ்சம் எழுந்து நிற்கிறது. இது குர்பானிக்குத் தேறுமா தேறாதா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவள் நான். ஏனென்றால் நான் லேப்பில் வேலை பார்க்கிறேன்.

நான் பார்க்கிற வேலை

"உங்கள் தொடரில் சாப்பாடு வராத வாரமே இல்லையே, வேறு எழுதத் தெரியாதா?" என்று ஒரு வாசகி கோபித்துக்கொண்டு எழுதியிருந்தார். அவருக்காகவே இந்த வாரம் சாப்பிடக் கூடாததைப் பற்றி எழுதுகிறேன்.

கப்பலூரில் ஒரு மாட்டுத் தீவனக் கம்பெனி. அங்கே மக்காச்சோளமும் புண்ணாக்கும் தவிடும் லாரி லாரியாக வரும். லாரி கேட்டுக்குள் வந்ததும் நான் குத்தூசியோடு போவேன். மூட்டைக்குள் குத்தி, உள்ளே இருக்கும் சரக்கைக் கொஞ்சம் வெளியே எடுக்கிற கூரான இரும்புக் குழாய் அது. கோரிப்பாளையத்திலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய் மூட்டை குத்துகிறவள் என்று என்னைப் பற்றி மாமி சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருந்தார். எம்.எஸ்சி. படித்தது எதற்கு என்று அவர்கள் கேட்டதற்கு, மூட்டை பெரிது என்று பதில் சொன்னாராம்.

நான் குத்தித் தேடுவது ஒரு விஷத்தை. அஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்று ஒரு பூஞ்சை. கடலை, சோளம், கொப்பரை, வற்றல் மிளகாய் எது சரியாகக் காயாமல் ஈரத்தோடு கிடந்தாலும் அதில் ஏறி உட்காரும். பச்சையும் மஞ்சளும் கலந்து தூள் தூளாய்ப் பூக்கும். பூத்து முடித்துச் சும்மா போகாது, ஒரு நஞ்சைச் சுரந்துவிட்டுப் போகும். பூஞ்சையின் பேரிலிருந்தே வெட்டி எடுத்து அந்த நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பேர் வைத்தார்கள்.

அது கண்ணுக்குத் தெரியாது, வாசனை கிடையாது, ருசியும் கிடையாது. பூசணத்தைத் தட்டிவிட்டாலும் அது கடலைக்குள் இருக்கும். வேகவைத்தாலும் வறுத்தாலும் பெரும்பங்கு அப்படியே இருக்கும். கோழிக்குஞ்சு தின்றால் வளராது. வாத்துக்குஞ்சு தின்றால் அதோடு சரி. மாடு தின்றால் பாலில் கொஞ்சம் இறங்கும். மனிதர்கள் வருடக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றால் ஈரலில் கட்டி வரை கொண்டுபோய் விடும்.

ஈரல்தான் இதில் பாவப்பட்ட ஜீவன். உடம்புக்குள் எந்தக் குப்பை வந்தாலும் சுத்தம் செய்து அனுப்புவது அதன் வேலை. இந்த நஞ்சு வந்ததும் வழக்கம்போல ஓடி வந்து, இதையும் பக்குவப்படுத்தி அனுப்புவோம் என்று கை வைக்கும். கை வைத்ததும் நஞ்சு முன்னைவிட மோசமான ஒன்றாக மாறி, ஈரலையே பிடித்துக்கொள்ளும். நல்லது செய்யப் போய் அடி வாங்குகிற உறுப்பு அது.

முதலாளிக்கு வந்த நீல வெளிச்சம்

எங்கள் லேப்பில் ஒரு இருட்டுப் பெட்டி உண்டு. அதற்குள் புற ஊதா விளக்கு. உடைத்த மக்காச்சோளத்தை அதன் கீழே வைத்தால், பூஞ்சை பிடித்த இடம் பச்சை மஞ்சளாக மின்னும். அது மின்னினால் நஞ்சு இருக்கலாம் என்று ஒரு சந்தேகம், அவ்வளவுதான். அதன்பிறகு முறையாகச் சோதனை செய்தால்தான் உறுதியாகும். இந்தப் பின்பாதியை எங்கள் கம்பெனியில் யாரும் காதில் வாங்கியதில்லை. மின்னினால் விஷம் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

ஒருநாள் முதலாளி அந்த விளக்கைப் பார்க்க வேண்டும் என்று வந்தார். ஆள் எப்போதும் வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டைதான். அறை விளக்கை அணைத்துவிட்டு, பெட்டியின் திரையை விலக்கிக் குனியச் சொன்னேன். அவர் குனிந்ததும் சட்டைக் காலரிலிருந்து தொப்பை வரை குபீரென்று நீலமாக எரிந்தது.

"யாத்தே!" என்று பின்னால் பாய்ந்தார். "என்னம்மா இது, எனக்கு விஷம் அம்புட்டும் ஏறிருச்சா?"

"சட்டைதான் சார் மின்னுது. சோப்புத் தூள்ல வெளுப்புக் காட்டுறதுக்கு ஒண்ணு கலப்பாங்க. அது இந்த வெளிச்சத்துல இப்படித்தான் மின்னும்."

அவர் நம்பவில்லை. அடுத்த வாரம் முழுக்கக் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஈரலுக்கு ஸ்கேனும் எடுத்துப் பார்த்ததாகக் கேள்வி.

லேப் உதவியாளர் செல்வம் அண்ணன் அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்று சிரித்துப் பார்த்தார். பல்லெல்லாம் நீல வெள்ளையாக ஒளிர்ந்தது. முன்பல் ஒன்று மட்டும் கறுப்பாக நின்றது. அது கட்டின பல். இத்தனை வருடமாக அவர் வீட்டம்மாவுக்குக்கூடச் சொல்லாத விஷயம், மதியச் சாப்பாட்டுக்குள் கம்பெனி முழுக்கத் தெரிந்துவிட்டது. "தங்கச்சி, நீ சோளத்த மட்டும் பாரு" என்று கும்பிட்டார்.

வீட்டில் ரெய்டு

நாள் முழுக்க இதையே பார்க்கிறவளுக்கு வீட்டுச் சமையலறை என்னவாகத் தெரியும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அம்மா இருந்தவரை நான் வாயைத் திறக்கவில்லை. அம்மா எதையும் காயப்போட்டுத்தான் எடுத்து வைப்பார். அம்மாவுக்குப் பிறகு அடுப்படி மாமியின் கைக்கு வந்தது. மாமிக்கு வெயில் என்றால் ஆகாது. அவர் காயப்போட வேண்டியதையெல்லாம் ஃபேனுக்குக் கீழே போடுவார்.

ஆடு வாங்கின அந்தக் கோடையில் செல்லம்பட்டிப் பக்கமிருந்து அத்தாவின் கூட்டாளி தங்கராசு, தன் வயலில் விளைந்த கடலை ஒரு மூட்டை கொண்டுவந்து இறக்கினார். டிவிஎஸ் வண்டியில் பின்னால் கட்டிக்கொண்டு வந்தவர், வழியில் பிடித்த கோடை மழையில் மூட்டையோடு சேர்ந்து நனைந்திருந்தார். "மாப்ள, மூட்டைய வெயில்ல போட்டுரு" என்று அத்தாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அத்தா அதை மாமியிடம் சொன்னார். மாமி ஃபேனைப் போட்டார்.

கொஞ்ச நாள் கழித்து நான் மூட்டைக்குள் கை விட்டேன். கதகதப்பாக இருந்தது. உள்ளிருந்து வந்த கடலையெல்லாம் பச்சைப் பொடி பூசியிருந்தது.

"அம்புட்டையும் கொட்டணும் மாமி."

"ஏன்டி? கழுவி வறுத்தா பூசணம் செத்துப் போகுது."

"பூசணம் சாகும் மாமி. அது விட்டுட்டுப் போன விஷம் சாகாது."

"செத்ததுக்கு அப்புறமும் இருக்குன்னா, அது பூசணமா, இல்ல ஜின்னு சைத்தானா?"

விளக்கி மாளாது என்று நான் சோதனையில் இறங்கினேன். அலமாரியைத் திறந்தேன். கொப்பரை, மிளகாய் வற்றல், பழைய சோளம் என்று சந்தேகப்பட்டதையெல்லாம் எடுத்து ஓரமாகக் குவித்தேன். கம்பெனியில் கழித்துவிட்ட மூட்டையில் சிவப்பு மையால் பெருக்கல் குறி போடுவோம். அந்தப் பழக்கத்தில், மாமி மறுபடி எடுத்து அலமாரிக்குள் வைத்துவிடாமல் இருக்க, கொப்பரை மூடிகளின் முதுகிலும் சிவப்பு மார்க்கரால் குறி போட்டேன். "மனுசன் திங்கக் கூடாது. எல்லாம் குப்பைக்குப் போகணும்" என்று உத்தரவு போட்டுவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். சாயங்காலம் வந்து பார்த்தபோது குவியல் இல்லை. மாமியை முதல்முறையாக ஜெயித்துவிட்டோம் என்று எனக்கு ஒரே பெருமை.

ஆடு தலையைத் தொங்கப் போட்டது

சில வாரத்தில் ஆடு தின்பதைக் குறைத்தது. முதலில் அத்தா அதைக் கோபம் என்றார். குளிப்பாட்டியதால் வந்த கோபமாம். அப்புறம் கண் திருஷ்டி என்றார் மாமி. எதிர் வீட்டுக்காரர் ஆட்டைப் பார்த்துவிட்டு "எம்புட்டுக் கறி தேறும் பாய்?" என்று கேட்டதிலிருந்துதான் இப்படி என்று உறுதியாகச் சொன்னார்.

கால்நடை டாக்டரைக் கூட்டிவந்தோம். அவர் வயிற்றை அமுக்கினார், இமையை இழுத்துப் பார்த்தார். "ஈரல் அடி வாங்கியிருக்கு. பூசணம் புடிச்ச தீவனம் எதுவும் போடுறீங்களா?" என்று கேட்டார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "சார், நான் அதைக் கண்டுபிடிக்கிற வேலையிலதான் இருக்கேன். எங்க வீட்டுக்குள்ள ஒரு பூசணம் வர முடியாது" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மருந்து எழுதினார்.

கடையில் வாங்கிப் போடுகிற புண்ணாக்கை லேப்புக்குக் கொண்டுபோய்ச் சோதித்தேன். சுத்தமாக இருந்தது. தவிடும் அப்படியே. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், கம்பெனியில் செய்வதுபோல, சொல்லாமல் கொள்ளாமல் கொல்லைப்பக்கம் போய் ஆட்டின் அலுமினியச் சட்டிக்குள் கையை விட்டேன். மேலே தவிடு. அடியில் கடலைத் தோல். இன்னும் அடியில் ஒரு கொப்பரை மூடி. அதன் முதுகில், என் கையால் போட்ட சிவப்புப் பெருக்கல் குறி.

"மாமி!"

நான் போட்ட சத்தத்தில் ஆடுகூட நிமிர்ந்து பார்த்தது. மாமி தஸ்பீஹோடு வந்தார்.

"குப்பையில போடச் சொன்னேன்ல?"

"கொட்டுவாகளாடி? சாப்பாட்டுப் பொருளக் குப்பையில கொட்டுனா வீட்டுல பரக்கத் நிக்குமா? ஒங்கம்மா ஒரு பருக்கை வீசுவாளா?"

"அதுக்கு?"

"நீதான சொன்ன, மனுசன் திங்கக் கூடாதுன்னு. ஆடு மனுசனா?"

 நான் அத்தாவைப் பார்த்தேன். அவர் மெதுவாக, "அக்கா தினமும் ஒரு கை போட்டுச்சு, பாத்தேன். கடலை தின்னா கொழுக்கும்ல, அதேன் நானும் ஒண்ணும் சொல்லல" என்றார். ஆக, சமையலறையில் நான் கழித்துவிட்ட விஷம் ஒரு குந்துமணி சிந்தாமல் சேதாரமில்லாமல் ஆட்டின் வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்திருந்தது. எங்கள் வீட்டின் ஈரல் மாமிதான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

மாமி பாவம். விஷயம் முழுதாகப் புரிந்ததும் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "நம்ம மைமூன் பேருல குடுக்க வேண்டியத நானே கெடுத்துட்டேனே" என்று அழுதார். மைமூன் என் அம்மா. எனக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானும் கொஞ்ச நேரம் அழுதேன்.

அத்தா தின்ற அகத்திக்கீரை

கெட்ட தீவனத்தை நிறுத்தினோம். டாக்டர் எழுதிய ஈரல் டானிக்கை அத்தா மருந்து ஊற்றுகிற மூங்கில் குழாயில் ஊற்றிக் கொடுப்பார். பாதி ஆட்டுக்குள் போகும், பாதி அத்தாவின் பனியனுக்குப் போகும். மாமி தெருத்தெருவாகக் கேட்டுக் கீழாநெல்லி பறித்து வந்தார். தங்கராசு அகத்திக்கீரைக் கட்டோடு வந்து, "நான் குடுத்த கடலையாலயா மாப்ள?" என்று தலையில் கை வைத்தார். "நீ வெயில்ல போடச் சொன்ன, நாங்க காத்துல போட்டோம்" என்று அத்தா அவரைத் தேற்றினார்.

ஆடு கீரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அத்தா அதன் முன்னால் மணைக்கட்டையைப் போட்டு உட்கார்ந்து, ஒரு கொத்தை ஒடித்துத் தன் வாயில் போட்டு மென்று காட்டினார். "இந்தா பாரு, நான் திங்கிறேன்ல. கசப்பாத்தான் இருக்கு, அதுக்காக விட்டுருவமா?" என்றார். ஆடு ஒரு இலையைக் கடித்தது. அத்தா இன்னொரு கொத்து. ஆடு இன்னொரு இலை.

அம்மா போனதிலிருந்து அத்தா வேளைக்குச் சாப்பிட்டதில்லை. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோவார். இப்போது ஆட்டுக்குப் பக்கத்திலேயே தட்டை வைத்துக்கொண்டு, அதைச் சாப்பிட வைப்பதற்காகத் தானும் சாப்பிட்டார். அதனிடம் நிறையப் பேசினார். சந்தையில் யாரை ஏமாற்றி அதை வாங்கினார் என்பதையெல்லாம் அதனிடமே சொன்னார். நான் ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டே இருப்பேன். சந்தோஷமாக இருக்கும்.

தீர்ப்பு

இப்படித்தான் நாங்கள் எல்லோரும் ஆட்டின் கீழ் இமைக்கு முன்னால் வந்து சேர்ந்தோம்.

ஹஜ்ரத் நல்ல மனிதர். ஆட்டைச் சுற்றி வந்து பார்த்தார். "எனக்கு ஈரல் தெரியாது பாய். புள்ள படிச்சது. அது நல்லாருக்குன்னு சொல்லட்டும், தாராளமாக் குடுங்க. நோய் இருக்குன்னா வேற ஆடு வாங்கிக்கங்க, நிய்யத் அல்லாவுக்குத் தெரியும்" என்றார்.

அத்தா என் காதுக்குப் பக்கத்தில் குனிந்தார். "நூரு, நேத்து ரெண்டு கட்டுக் கீரை தின்னுருக்கு. ஒரு பாஸ் போட்டுரும்மா."

லாரிக்காரர்கள் எத்தனையோ பேர் இதே குரலில் கேட்டிருக்கிறார்கள். அவர்களிடம் முடியாது என்று சொல்வது எனக்குச் சுலபம். இது அத்தா.  நான் இமையை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன். வேறு விதமாகத் தெரியாதா என்று ஏங்கித்தான் பார்த்தேன்.

"மஞ்சளாத்தான் இருக்கு அத்தா. தேறிக்கிட்டு வருது. ஆனா இன்னும் சரியாகல."

 அத்தா போனை அணைத்தார். "சரி, பொய் சொல்லிக் குடுத்தா ஒங்கம்மா வாங்க மாட்டா" என்றார். மறுநாள் சந்தைக்குப் போய் வேறொரு ஆடு பிடித்து வந்தார். இந்தத் தடவை பல்லைப் பார்க்கவில்லையாம், நேராக இமையைத்தான் இழுத்துப் பார்த்தாராம். அம்மா பேரில் குர்பானி குறையில்லாமல் முடிந்தது.

வெள்ளைக்காது மட்டும் கொல்லையில் கீழாநெல்லி தின்றுகொண்டு நின்றது. கோழிப் பண்ணைகளைக் காலி செய்கிற நஞ்சைத் தின்று, அதனாலேயே ஆயுசு கூடிப்போன ஆடு உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். கம்பெனியில் சொன்னபோது செல்வம் அண்ணன், "எனக்கும் அந்தக் கடலையில ஒரு கை குடு தங்கச்சி, பொண்டாட்டிகிட்டருந்து தப்பிச்சுக்கிறேன்" என்றார்.

ஒரு வருடம் ஓடியது. ஆடு இரண்டு மடங்கானது. தெருவில் போகிற நாய்களை முட்டியது, ஹஜ்ரத்தின் குடையைத் தின்றது, மாமி ஓதிக்கொண்டிருக்கும்போது மடியில் தலையை வைத்துக்கொண்டது. கடலையை இப்போது மாமி வெயிலில்தான் காயப்போடுகிறார். குடை பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே காவலுக்கும் உட்காருகிறார்.

அடுத்த பக்ரீத்துக்கு முன்னால் ஒருநாள், நான் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது அத்தா வாசலிலேயே நின்றிருந்தார்.

"நூரு, அந்த ஈரல் இருக்குல்ல, ஒரு தடவ கெட்டுப்போனா ஒரு வருசத்துல சரியாயிருமா?"

"நல்லா ஆயிரும் அத்தா. வெட்டி எடுத்தாக்கூட வளர்ற உறுப்பு அது."

அவர் முகம் வாடிப்போனது. "முழுசாவா?" என்றார். "உள்ளுக்குள்ள எங்கிட்டாவது கொஞ்சம் மிச்சம் இருக்காதா? ஹஜ்ரத் கேப்பாருல்ல. ஒங்கம்மா பேருக்கு வேற ஆடு பாத்து வச்சிட்டேன். இருந்தாலும் இது எதுக்கு நிக்குதுன்னு நாலு பேரு கேப்பாகல்ல."

நான் கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தேன். முன்னங்கால் இரண்டையும் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு, கொடியில் காய்ந்த அத்தாவின் லுங்கியை ஆடு இழுத்துத் தின்றுகொண்டிருந்தது. இமையை இழுத்துப் பார்க்கப் பக்கத்தில் போனால் நம் விலா எலும்புதான் மிஞ்சாது. நான் பாஸ் போட்ட சரக்கு எதுவும் இதுவரை திரும்பி வந்ததில்லை, நான் கழித்துவிட்டேன் என்றால் யாரும் மறுத்துக் கேட்டதுமில்லை.

"சந்தேகம்தான் அத்தா" என்றேன். "இன்னும் ஒரு வருசம் வச்சுப் பாக்கணும்."

"அதேன், நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்று அத்தா வேகமாகக் கொல்லைக்குப் போனார். லுங்கியின் மறுமுனையைப் பிடித்து இழுத்துக்கொண்டே ஆட்டிடம் சொன்னார்.

"கேட்டுக்கிட்டியாடா? ஒனக்கு ஒடம்பு சரியில்லயாம்."